கடைப் பலகையை அடுத்தவர் கையில் கொடுக்கலாமா?



கடை திறக்கும் எவரும் முதலில் செய்கிற செலவுகளில் ஒன்று பெயர்ப் பலகைச் செலவு. பெயின்டரை வரவழைத்து, கடைப் பெயர் எந்த அளவில் இருக்க வேண்டும், "மொத்தம் மற்றும் சில்லறை" என்ற வரி எங்கே வர வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லி எழுத வைக்கிறோம். எழுதி முடித்ததும் கூலியைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். பலகை நம்முடையது. அந்தப் பெயின்டர் ஆண்டுதோறும் வந்து, "பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் பலகையைக் கழற்றிக் கொண்டு போய்விடுவேன்" என்று சொன்னால் நம்மில் எவரும் பொறுத்துக் கொள்ள மாட்டோம்.

ஆனால் இணையத்தில் நம் கடைக்கு வைக்கும் பலகை விஷயத்தில் நம்மில் பலர் இதைத்தான் பொறுத்துக் கொண்டிருக்கிறோம். கடையின் பெயரும், போன் நம்பரும், சரக்குப் பட்டியலும் யாரோ ஒருவர் கையில் இருக்கின்றன. ஒரு எழுத்தை மாற்றுவதற்கும் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சாதாரண இணையப் பக்கம் ஒன்றை அமைக்கும் அடிப்படைப் பாடத்தை ஒவ்வொரு வணிகக் குடும்பத்திலும் ஒருவராவது கற்றிருக்க வேண்டும். கணக்கு எழுதத் தெரிவது போல, எடை போடத் தெரிவது போல, இனி இதுவும் கடைத் தொழிலின் ஒரு பகுதி.

பணம் கொடுத்தும் பலகை இல்லை

நமக்குப் பழக்கமான எண்ணெய் வியாபாரி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவரிடம் 18,000 ரூபாய் கொடுத்துத் தம் கடைக்கு இணையப் பக்கம் போட்டார். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. மணிலா எண்ணெய், நல்லெண்ணெய் டின்கள் பளபளவென்று வந்து போயின. அடுத்த ஆண்டு அவர் போன் நம்பரை மாற்றினார். பக்கத்தில் நம்பரை மாற்றித் தரும்படி கேட்டதற்கு 2,500 ரூபாய் கேட்டார்கள். பத்து எழுத்தை மாற்ற இவ்வளவா என்று இவர் யோசித்தார். அதற்குள் ஆண்டுச் சந்தா முடிந்துவிட்டது.

பிறகு விசாரித்துப் பார்த்தபோதுதான் கடையின் இணையப் பெயரே இவர் பெயரில் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. பக்கம் போட்டவர் தம் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தார். தந்தை காலத்திலிருந்து வந்த கடைப் பெயர் அது. நண்பர் பணத்தை விட்டார், பெயரையும் விட்டார். இன்று வேறொரு பெயரில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்.

பக்கம் போட்டுத் தருபவர்கள் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தராசைப் பார்க்கத் தெரியாதவனுக்கு நேர்மையான எடை எது, குறைந்த எடை எது என்று எப்படித் தெரியும்?

பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது

இதைக் கற்கச் சென்னைக்குப் போக வேண்டுமோ என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், 11ஆம் வகுப்பு வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கான "கணினிப் பயன்பாடுகள்" பாடநூலிலேயே இணையப் பக்க வடிவமைப்பு இடம் பெற்றது. தலைப்பு அமைப்பது, பத்தி பிரிப்பது, அட்டவணை போடுவது, படம் சேர்ப்பது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு அல்ல, கணக்குப்பதிவியலும் வணிகவியலும் படிக்கும் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட புத்தகம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவில் சேருகிறவர்களில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, நம் பிள்ளை பரீட்சைக்காக இதைப் படித்து, செய்முறைத் தேர்விலும் செய்து காட்டி, மதிப்பெண் வாங்கி வந்துவிடுகிறது. அதே வாரத்தில் நாம் அந்த வேலைக்கு வெளியாளைத் தேடி முன்பணம் கொடுக்கிறோம். பிள்ளை படித்ததைக் கடைக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைக்கும் வரவில்லை, நமக்கும் வரவில்லை.

சில கல்லூரிகளில் தொழில்முறைத் தகவல் தொடர்பு என்ற பாடத்தின் கீழும் இதைச் சொல்லித் தருகிறார்கள். கடிதம் எழுதுவது, அறிக்கை எழுதுவது, விளம்பரம் எழுதுவது ஆகியவற்றோடு இணையப் பக்கமும் ஒரு பாடம். அப்படிச் சேர்த்திருப்பது மிகப் பொருத்தம் என்பது நம் கருத்து. ஏனென்றால் இணையப் பக்கம் என்பது இயந்திர வேலை கால் பங்கு. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம் முக்கால் பங்கு.

மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். போன் வசதி பரவாத நாளில் மொத்த வியாபாரிகள் கிராமத்துக் கடைகளுக்கு அஞ்சலட்டையில் விலை நிலவரம் எழுதி அனுப்புவார்கள். மேலே தேதி. கீழே துவரை, உளுந்து, சர்க்கரை, மிளகாய் என்று நாலைந்து வரி. மூட்டைக்கா, கிலோவுக்கா என்ற அளவு. கடைசியில் "லோடு வியாழன் வரும்" என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். அதில் வீண் வார்த்தை ஒன்றும் இராது, விட்டுப் போனதும் ஒன்றும் இராது. அந்த அஞ்சலட்டையை எழுதத் தெரிந்த குடும்பத்துக்கு இணையப் பக்கம் புதிய வித்தை அல்ல.

மூட்டைச் சீட்டு போல ஒரு முறை

இதன் நுட்பம் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். இணையப் பக்கத்தை எழுதும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையில் சீட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்து இது துவரை, இது கடலை, இது இந்த அடுக்குக்கு என்று சுமை தூக்குபவர் பிரித்து வைக்கிறார் அல்லவா? அதுபோல நாம் எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறி போட வேண்டும். இது தலைப்பு, இது பத்தி, இது விலை அட்டவணை, இது போன் நம்பர் என்று குறிகள் சொல்லும். செல்போன் அந்தக் குறிகளைப் படித்து, அதன்படி பக்கத்தை அடுக்கிக் காட்டும். அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் "டேக்" என்றே பெயர். சீட்டு என்றுதான் அதற்குப் பொருள்.

தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி. முடிவுக் குறியைப் போட மறந்தால் வாய்க்கட்டு அவிழ்ந்த மூட்டை போல அடுத்த வரியும் அதோடு சேர்ந்துவிடும். எழுத்தின் நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றைச் சொல்ல சி.எஸ்.எஸ். என்று இன்னொரு முறை இருக்கிறது. இவை இரண்டும் கடைப் பக்கத்துக்குப் போதும். கணினியோடு வரும் சாதாரண நோட்பேடே இதற்கான கருவி. தனியாக எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இந்த முறைக்குக் கட்டணம் இல்லாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியபோது 1989இல் இதற்கான யோசனையை எழுதினார். 1991இல் உலகின் முதல் இணையத்தளம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இந்த முறையை எவரும் உரிமைத்தொகை இன்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. உலகுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட முறை இது. ஆகவே வேலைக்குக் கூலி கேட்டால் நியாயம். முறையைத் தங்கள் சொத்துப் போலச் சொல்லி ஆண்டுதோறும் வசூலிப்பது நியாயம் ஆகாது.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். இதற்கு முன்னோடியாக இருந்தவர் ஓர் ஆசிரியர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் விரிவுரையாளராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி அவர்கள், 1995இல் அந்நாட்டுக் கவிதைகளைக் கொண்ட தளத்தில் தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். அவர் 1999இல் காலமானார்.

ஆனால் அந்நாளில் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துருவை இறக்கிக் கொள்ளாதவர்களுக்குப் பக்கம் முழுதும் புரியாத கிறுக்கலாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதையொட்டி வந்ததே. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. இன்று பக்கத்தின் மேல்பகுதியில் யூனிகோடு என்பதற்கான ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். கீழ்பென்னாத்தூரில் எழுதிய தமிழ் சிங்கப்பூரிலும் அப்படியே தெரியும்.

நம் பகுதிப் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் ஊருக்கு வருமுன்பே மளிகைக்கு ஏற்பாடு செய்ய நினைக்கிறார்கள். 500 பேருக்கான கல்யாண மளிகைப் பட்டியலைத் தமிழில் போட்டு வைத்திருக்கும் கடைக்குத்தானே அவர்கள் முதலில் போன் செய்வார்கள்? புதுச்சேரி, திண்டிவனம் பக்கமிருந்து செஞ்சி வழியாகப் பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் போகிறவர்கள் நம் ஊரைக் கடந்துதான் திருவண்ணாமலை செல்கிறார்கள். அன்னதானக் குழுவினர் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மொத்தமாக எடுப்பவர்கள். எந்தக் கடையில் எத்தனை சிப்பம் இருக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிந்தால் வண்டியை இங்கேயே நிறுத்துவார்கள்.

இலவச இடத்தை நம்பலாமா?

"முகநூலில் பக்கம் இருக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது அடுத்தவர் மனையில் போட்ட கீற்றுக் கொட்டகை. மனைக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்று சொல்ல முடியாது.

யாகூ நடத்திய ஜியோசிட்டீஸ் என்ற இலவசப் பக்கச் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. டிக்டாக் செயலியை 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்தபோது, அதில் துணிக்கும் பாத்திரத்துக்கும் விளம்பரம் செய்து வந்த சிறு வியாபாரிகள் ஒரே இரவில் அத்தனை பார்வையாளரையும் இழந்தார்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு இலவசமாக ஒரு சிறு இணையத்தளமும் கொடுத்து வந்தார்கள். அந்தத் தளங்களையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தவர்கள் கார்டை மாற்ற வேண்டியதாயிற்று.

வரைபடத்தில் கடை இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பும் இருக்க வேண்டும். இவை எல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டும் நோட்டீஸ் போல. நோட்டீஸைப் பார்த்து வருகிறவருக்கு நம் சொந்தப் பலகை நம் இடத்தில் இருக்க வேண்டும்.

கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப் குழுவில் தினமும் விலை போடுகிறோமே என்பது ஒரு கேள்வி. நல்ல பழக்கம்தான். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் நம் விலை போய்விடுகிறது. நம் நம்பர் தெரியாதவருக்கு அது கிடைப்பதும் இல்லை. வாட்ஸ்அப் ஏற்கனவே வருகிற வாடிக்கைக்கு. இணையப் பக்கம் இனி வரப் போகும் வாடிக்கைக்கு.

விலையைப் போட்டால் எதிர்க்கடைக்காரர் பார்த்து எட்டணா குறைப்பாரே என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான அச்சம். எல்லா விலையையும் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருப்பில் உள்ள சரக்கு, மார்க், சிப்பத்தின் அளவு, லோடு வரும் நாள் இவற்றைப் போட்டு, "விலைக்கு அழைக்கவும்" என்று எழுதலாம். மொத்த வியாபாரத்துக்கு அதுவே போதும்.

பெரிய நிறுவனங்கள் செயலி வைத்து வீட்டுக்கே சரக்கு அனுப்பும்போது நம் ஒற்றைப் பக்கம் என்ன செய்யும் என்பது மூன்றாவது கேள்வி. பக்கம் போட்டதும் கடையில் கூட்டம் அலைமோதும் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பவும் வேண்டாம். நல்ல சரக்கு, சரியான எடை, தெரிந்த முகத்துக்குக் கைமாற்று, இவைதான் நம் பலம். ஆனால் அந்தப் பலம் இருக்கும் கடை இன்ன இடத்தில் இருக்கிறது என்று போனில் தேடுகிற இளைய தலைமுறைக்குத் தெரிய வேண்டாமா? தேடியவர் கண்ணில் நாம் படாவிட்டால், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் செயலிதான் படும். பிறகு நம் வாடிக்கையாளரிடமே நாம் விற்பதற்கு அவர்களிடம் கமிஷன் கொடுக்கும் நாள் வரும்.

என்ன எழுத வேண்டும்?

கடையின் பெயர், எந்தச் சாலையில் எதற்கு அருகில் என்ற அடையாளம், தொட்டவுடன் அழைப்புப் போகும்படி போன் நம்பர், திறக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவை முதல் திரையிலேயே வர வேண்டும். ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். இவற்றைப் பிழையின்றிப் போட்டால் புதியவருக்கு நம்பிக்கை வரும். அடுத்துச் சரக்கு அட்டவணை. விலை போட்டால் பக்கத்தில் தேதியும் அளவும் அவசியம். தேதி இல்லாத விலை சண்டைக்கு விதை.

படங்களை அளவோடு வைக்க வேண்டும். இக்காலப் போனில் எடுத்த ஒரு போட்டோ மூன்று நான்கு எம்.பி. வரும். அறுபது சரக்கின் பெயரும் விலையும் கொண்ட அட்டவணை அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. டவர் சரியாக எடுக்காத கிராமத்தில் நம் பக்கம் உடனே திறக்க வேண்டும் என்றால் எழுத்து அதிகம், படம் குறைவு என்பதே விதி. கடையின் முகப்புப் படம் ஒன்று, அளவைச் சுருக்கிப் போட்டால் போதும். வேறொருவர் படத்தை எடுத்துப் போடுவதும், "நூற்றுக்கு நூறு சுத்தம்" என்று சோதித்துப் பாராமல் எழுதுவதும் கூடாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றை மறந்தும் போட வேண்டாம்.

இணையப் பெயரைப் பதிவு செய்யும்போது உரிமையாளர் பெயர், உரிமையாளரின் மின்னஞ்சல், உரிமையாளரின் போன் நம்பர் இவற்றைத்தான் கொடுக்க வேண்டும். இதில் விட்டுக் கொடுக்கவே கூடாது. சாதாரணப் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். புதுப்பிக்கும் தேதியை லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியோடு சேர்த்துப் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும் சாவி நம்மிடம் இருக்க வேண்டும். கிடங்கை வாடகைக்கு விட்டவர்கூட மாற்றுச் சாவி ஒன்று வைத்திருக்கிறார் அல்லவா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வாரம் ஒரு வகுப்பு நடத்தலாம். பள்ளிகளில் கணினி கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களை அழைத்துத் தகுந்த மதிப்பூதியம் கொடுக்கலாம். ஒரு கடைக்கு இருவர் வர வேண்டும். ஒருவர் படிக்கிற பிள்ளை. மகனானாலும் மகளானாலும் சரி. இன்னொருவர் கல்லாவில் உட்காருபவர். பிள்ளைக்குக் குறி போடத் தெரியும், சரக்கு தெரியாது. கல்லாக்காரருக்குச் சரக்கு தெரியும், குறி தெரியாது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கம் சரியாக வரும். அப்பாவின் தொழிலில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றுவதும் இதில் ஒரு லாபம். கடையை அடுத்து யார் பார்ப்பது என்ற கவலை இல்லாத வீடு நம்மில் எத்தனை?

முதல் வாரம் அஞ்சலட்டை அளவில் காகிதத்தில் எழுதுவது. இரண்டாம் வாரம் அதற்குக் குறிகள் போடுவது. மூன்றாம் வாரம் அட்டவணையும் படமும். நான்காம் வாரம் பெயர் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது. அதன் பிறகு மாதம் ஒரு முறை தேதியையும் விலையையும் மாற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் விட்டு, அதற்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். வேலைக்குக் கூலி என்ற பாடமும் கூடவே நடக்கும்.

வருகிற மே 5 வணிகர் தினத்துக்குள் நம் ஊரில் பத்துக் கடைகளாவது தம் கையால் எழுதிய பக்கத்தைச் சொந்தப் பெயரில் வைத்திருக்க வேண்டும் என்பது நம் விருப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர இருக்கிறோம். ஆதரவு உள்ளவர்களும் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தவறாமல் வந்து பேச வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மொத்த மளிகை வியாபாரி,
கீழ்பென்னாத்தூர்.